ஹோரஸ் வென்னிங் கையில் இருந்தது என்ன

ஹெட்டி வென்னிங்கைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை. அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவரைப் பற்றிப் புத்தகங்களே வந்துவிட்டன. நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அவற்றில் தடித்த ஒன்றில், "வாயாடியான, நல்ல மனசுள்ள ஒரு வீட்டுக்காரி" என்று அரை வரி வருகிறது. பெயர்கூடப் போடவில்லை. 

லண்டனின் மேற்கு ஓரத்தில், ஆக்டனில் லினட் தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் திரும்பின இடமெல்லாம் சலவைக்கூடம். லண்டன் துரைமார்களின் அழுக்கு மொத்தமும் எங்களிடம்தான் வந்து சேரும். ஹெட்டி பள்ளிக்கூடத்தை விட்டதும் இஸ்திரிப் பலகைக்கு முன்னால் போய் நின்றவள். சட்டைக் காலர் அவள் வேலை. அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த காலரைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கழுத்து அறுந்துவிடும் என்பார் அவள் புருஷன் ஹோரஸ்.

ஹோரஸ் கேஸ் கம்பெனியில் மீட்டர் பார்ப்பவர். பருத்த உடம்பு. படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனாலும் வேலையே படி ஏறுவதுதான். பிள்ளைகள் இல்லை. யுத்தம் வந்ததும் எங்கள் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன் ஆனார், விமானக் குண்டுவீச்சின்போது ஜனங்களைக் காப்பாற்றுகிற வேலை. குண்டு விழுந்த ஒவ்வொரு ராத்திரிக்குப் பிறகும், விடிந்ததும் இரும்புத் தொப்பியை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, "தெரு இன்னும் இருக்கு, ஜனங்களே!" என்று கத்திக்கொண்டே நடந்து போவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் என் அம்மா கெட்டிலை அடுப்பில் வைப்பாள்.

நாற்பதாம் வருஷம் அக்டோபரில் தெருக்கோடி வீட்டில் குண்டு விழுந்தது. முதல் மாடியில் மிஸ் ஆர்ச்சர்ட் இருந்தார். ஆக்டனில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சர். காது மந்தம், சைரன் கேட்கவில்லை. ஹோரஸ் ஏறிப் போய் அவரைத் தோளில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட்டார். வாசல் வரைக்கும் வந்தபிறகு டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறார். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார். பொய்ப்பல் மேலேயே கிளாஸில் கிடக்கிறது. தெரு முழுக்க அவரிடம் படித்தவர்கள் நிற்கிறார்கள். பல் இல்லாமல் எப்படி வெளியே வருவது?

"ரெண்டே நிமிஷம், டீச்சர்" என்று ஹோரஸ் திரும்ப ஏறினார். அவர் பல்லை எடுத்த நேரத்தில் மேல்மாடியின் தரை விட்டுக்கொடுத்தது. அங்கே இருந்த இரும்புக் குளியல் தொட்டி நேராக அவர்மேல் இறங்கிவிட்டது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தபோது முகத்தில் ஒரு கீறல் இல்லை. கை மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தால் உள்ளே பல். விரிசல்கூட விழாமல்.

இந்தக் கதையை நான் சொன்னால் அழுகை வரும். ஹெட்டி சொன்னால் வேறு மாதிரி. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமே அவள் சொன்னாள்: "குண்டு போட்டது ஹிட்லர், கொன்னது குளியல் தொட்டி. வாரம் ஒரு தடவையாவது குளிங்கன்னு இருபது வருஷமா இந்த மனுஷனுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் போகலை. கடைசியில தொட்டியே தேடி வந்துருச்சு!" சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கண்ணீர் வரச் சிரிப்பாள். ஏப்ரனைத் தூக்கிக் கண்ணைத் துடைப்பாள். அதில் எது எந்தக் கண்ணீர் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தேழில் அந்தக் கொடும் பனிக்காலத்தில்தான் லியோனல் ஆஷ்வெல் மாடிக்குக் குடிவந்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் பழைய பால் டிப்போ ஒன்றை வாங்கி சினிமா ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். வெளியே என்ன பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் எங்களுக்கு அது பால்பண்ணைதான். அங்கே கதை எழுதுகிற வேலை அவருக்கு. பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவர், மெலிந்த உடம்பு, எதற்கெடுத்தாலும் "மன்னிக்கணும்" என்பார். வந்த மாதமே மார்ச்சளியில் படுத்துவிட்டார். ஹெட்டிதான் வாத்துக் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தேய்த்து, பழுப்புக் காகிதம் சுற்றிக் காப்பாற்றினாள். தன் ரேஷன் முட்டையை அவருக்கு வேகவைத்துக் கொடுத்துவிட்டு, தான் முட்டைப் பொடியைக் கரைத்துக் குடித்தாள். போட்டுக்கொள்ள நல்ல கோட்டு இல்லை என்றதும் அலமாரியிலிருந்து ஹோரஸின் கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் இவரைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹோரஸ் கதையைக் கேட்டு அவரும் சிரித்தார். நாற்காலியிலிருந்து விழப்போனார். "இன்னொரு தடவை சொல்லுங்க மிஸஸ் வென்னிங். தொப்பியை எப்படித் தட்டுவாரு? எந்தக் கையால?" ஹெட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹோரஸைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்பவர் யார் இருந்தார்கள்? தொப்பிக்குப் பதில் குழம்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து அவர் செல்சியில் நல்ல இடம் பார்த்துப் போனார். மறுவருஷம் வசந்தத்தில் ஒருநாள் திரும்பி வந்தார், கையில் ஒரு சாக்லெட் பெட்டியும் இரண்டு டிக்கெட்டும். பால்பண்ணையின் புதுப் படம், 'வியாபாரம் மந்தம்'. எங்கள் ஊர்க் கொட்டகையில் முதல் வாரமே போடுகிறார்கள்.

"உங்களுக்கு அதுல ஒரு ஆச்சரியம் இருக்கு" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

எங்கள் கொட்டகையின் பெயர் ஜூபிலி. எல்லோரும் மூட்டைப்பூச்சி என்றுதான் சொல்வார்கள். அங்கே டார்ச் அடித்து இடம் காட்டுவதும் இடைவேளையில் ஐஸ்கிரீம் தட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதும் என் வேலை. ஹெட்டி சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். நடைபாதை ஓரமாக உட்கார வைத்து, நானும் பக்கத்தில் சாய்ந்து நின்றேன்.

படம் நல்ல படம். அதை நான் மறைக்கப் போவதில்லை. எரிச்சலே அதுதான். சின்ன ஊர் ஒன்றில் சவ அடக்கம் செய்து பிழைக்கிற சாதுவான மனிதர். யுத்தம் வந்தும் பிரயோஜனம் இல்லை. குண்டெல்லாம் பக்கத்து ஊரில்தான் விழுகிறது, பக்கத்து ஊர்ச் சவப்பெட்டிக்காரன்தான் கொழிக்கிறான். பார்த்தார், பொறுத்தார், பிறகு தானே ஒவ்வொருவராகப் பரலோகம் அனுப்பிவைக்க ஆரம்பித்தார். பழியைக் குண்டின்மேல் போட்டுவிட்டுச் சர்ச்சில் உருக்கமாகப் பாடுவார். கொட்டகை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஹெட்டியும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

பிறகு திரையில் ஒரு பருத்த மனிதர் வந்தார். இரும்புத் தொப்பியை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். "தெரு இன்னும் இருக்கு, ஜனங்களே!" என்றார்.

ஹெட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மேவிஸ்! அடியே, நம்ம ஹோரஸ்!" முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது.

அந்த வார்டன் இடிந்த வீட்டுக்குள் போனார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்துப் பைக்குள் போட்டார். என் மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது. வார்டன் ஸ்பேனரை எடுத்துப் பித்தளைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், விசிலடித்துக்கொண்டே. மேல்மாடியில் நம் சாதுவானவர் ஒரு குளியல் தொட்டியை மெல்ல நெம்பினார். தொட்டி விழுந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கையில் பளபளவென்று இரண்டு குழாய்.

ஜனங்கள் கைதட்டினார்கள். சிரிப்பு மட்டுமில்லை, கைதட்டல்.

ஹெட்டி எழுந்து வெளியே நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மேவிஸ், அவர் கையில என்ன இருந்துச்சு?"

"குழாய், ஆன்ட்டி."

"குழாய்தானே? என் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு கேட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அவள் தனியாகப் போகக்கூடாது என்று நானும் பால்பண்ணைக்குப் போனேன். வாசல் காவல்காரரின் காலர்களையும் ஹெட்டிதான் தேய்ப்பாள், அதனால் உள்ளே விட்டார். லியோனல் ஒரு சின்ன அறையில் படத்தை எடுத்த டைரக்டர் ஆட்ரியன் கிம்பருடன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிம்பர் முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டும் வாயில் பைப்புமாக இருந்தார். சாதாரண ஜனங்களைப் பற்றிப் படம் எடுக்கிறவர் என்று பத்திரிகைகளில் பெயர்.

லியோனல் துள்ளி எழுந்தார். "வாங்க வாங்க! சிரிச்சாங்களா? தொட்டி விழுந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"கைதட்டினாங்க" என்றாள் ஹெட்டி. "அவர் கையில பல்லுதான் இருந்துச்சு, மிஸ்டர் ஆஷ்வெல்."

"தெரியும், மிஸஸ் வென்னிங்..."

"தெரிஞ்சுமா?"

லியோனல் கிம்பரைப் பார்த்தார். கிம்பர் பைப்பை எடுத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி ஆரம்பித்தார். "அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு நல்ல மனுஷன், ஒரு கிழவியோட பல்லை எடுக்கப் போய்ச் செத்தான்னு காட்டினா என்ன ஆகும்? ஜனங்க அழுவாங்க. படம் அங்கேயே படுத்துரும். இந்த மாதிரி படத்துல சாகறவன் கொஞ்சம் அதுக்குத் தகுதியானவனா இருக்கணும். அப்பதான் சிரிப்பு வரும்."

"நான் சிரிச்சேனே" என்றாள் ஹெட்டி. "பத்து வருஷமா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேனே. இவரும் என் மேஜையில உக்காந்து, என் முட்டையைத் தின்னுட்டுச் சிரிச்சாரு. அப்ப அவர் திருடனா இருந்தாரா?"



"பேரு வேற வெச்சிருக்கோமே" என்றார் லியோனல் மெதுவாக. "அது ஹோரஸ் இல்ல. அது ஒரு பாத்திரம்."

"தொப்பியைத் தட்டினது யாரு? தெரு இன்னும் இருக்குன்னு கத்தினது யாரு? தொட்டிக்கு அடியில செத்தவங்க லண்டன்ல எத்தனை பேரு இருக்காங்க? எங்க தெருவுல இருக்கற நாய்க்குக்கூடத் தெரியும் அது யாருன்னு. நீங்க சிரிக்கறதுக்காக இல்ல அவரைத் திருடனாக்கினது. சிரிச்சுட்டு, மனசு உறுத்தாம வீட்டுக்குப் போகணும், அதுக்காகத்தான்."

கிம்பர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். கண் பளபளத்தது. "லியோனல், இந்த முகத்தைப் பாருய்யா! கோபத்துல என்ன ஒரு முகம்! அம்மா, அடுத்த படத்துல ஒரு பக்கத்துவீட்டுக்காரி வேஷம் இருக்கு, வர்றீங்களா?"

எனக்கு அந்த டீக்கோப்பையை அவர் தலையில் கவிழ்க்கத் தோன்றியது. ஹெட்டி அசையவில்லை. "அந்தக் குழாயை எடுத்துட்டுப் பல்லை வையுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

"முடியாதும்மா. நாடு முழுக்க ஓடிக்கிட்டிருக்கு."

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஹோரஸின் கறுப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஹெட்டி போய் அதை எடுத்தாள். பைகளில் கையை விட்டு, அவருடைய சிகரெட், கைக்குட்டை, ஒரு பென்சில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேஜைமேல் ஒழுங்காக அடுக்கினாள். கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். லியோனல் ஓரடி முன்னால் வைத்தார். "மிஸஸ் வென்னிங்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். வாசல்வரை வரவில்லை.

இதோடு போயிருந்தால் அவள் மறந்திருப்பாள். தெரு விடவில்லை. யுத்தத்தின்போது இடிந்த வீடுகளில் திருடிய வார்டன்களும் இருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். படம் அந்தப் பழைய சந்தேகத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டது. மீன் கடை வரிசையில் மிஸஸ் டக்கெட், தெருவின் வானொலி அவள்தான், எனக்கு முன்னாலேயே சொன்னாள்: "எங்க அக்கா வீட்டுல குண்டு விழுந்தப்ப கடிகாரம் காணாமப் போச்சு. வார்டனுங்களைத் தவிர யாரு உள்ள போனது? நான் ஹோரஸைச் சொல்லலைப்பா."

"வேற யாரைச் சொல்றீங்க?" என்றேன்.

"பொதுவாச் சொன்னேன். உனக்கு ஏண்டி இவ்வளவு சுருக்குனு வருது?"

கரி வண்டிக்காரன் ஹெட்டி வீட்டைத் தாண்டும்போது படத்தில் வந்த அந்த விசிலை அடித்தான். சலவைக்கூடத்தில் பக்கத்துப் பலகைக்காரி, "உன் வீட்டுக் குழாய் புதுசா இருக்குமே, ஹெட்டி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சர்ச் கூடத்துச் சுவரில், யுத்தத்தில் இறந்த வார்டன்களின் பெயர்ப்பலகை இருந்தது. அதில் ஹோரஸ் பெயருக்குப் பக்கத்தில் யாரோ கரியால் ஒரு குழாய் வரைந்துவிட்டார்கள். வாயிலிருந்து சொட்டு விழுகிற மாதிரி, பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார்கள்.

அதைப் பார்த்த வாரம் சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு ஹெட்டி காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். வார்டன் ஸ்பேனரை எடுத்ததும் எழுந்து நின்றாள். "பொய்! அவர் எடுத்தது டீச்சரோட பல்லு! குழாய் இல்ல!" என்று கத்தினாள். அவள் தொப்பியின் நிழல் திரையில் வார்டனின் வயிற்றில் விழுந்தது. கொட்டகை வெடித்துச் சிரித்தது. இதுவும் காட்சியில் ஒரு பகுதி, பால்பண்ணைக்காரர்கள் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன், "பல்லைக் காட்டு, பாட்டி!" என்றான்.

மேனேஜர் என்னிடம் ஓடிவந்தார். "மேவிஸ், அவளை வெளிய இழு!"

"என் கையில ஐஸ்கிரீம் தட்டு இருக்கு, சார்" என்றேன். அவரே போய் இழுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் உட்கார்ந்து எதுவும் சாப்பிடாமல் இருந்தாள். "உண்மையைச் சொன்னாலும் சிரிக்கறாங்க, மேவிஸ். சிரிக்கத்தான் வர்றாங்க, உண்மைக்கு இல்ல. அந்தக் கிம்பர் சொன்னது சரிதான் போலிருக்கு."

அவள் தோற்றுப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அடக்கமாட்டாமல் ஆத்திரம் வந்தது. "டீச்சர் உயிரோடதானே ஆன்ட்டி இருக்காங்க? அவங்ககிட்ட சொன்னீங்களா?"

மிஸ் ஆர்ச்சர்ட் ஈலிங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். காது இப்போது சுத்தமாகப் போயிருந்தது. ஹெட்டி அவர் காதில் கத்தினாள், வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படம் என்ன, தொட்டி என்ன, குழாய் என்ன என்று எல்லாவற்றையும் சொன்னபிறகு கிழவி தன் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் பல்லில்லாமலே வெளிய வந்திருக்கணும்" என்றார். "வீண் ஜம்பம்."

"அதுக்காக வரலை, டீச்சர்!" என்று ஹெட்டி கத்தினாள்.

"தெரியும். என் தொப்பி எங்கே?"

ஜூபிலியில் படம் ஓட்டுபவர் வில்ஃப் பிராஸர். ஹோரஸோடு ஒரே காவல் நிலையில் வார்டனாக இருந்தவர். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் நான் மேலே மெஷின் அறைக்குப் போய் எங்கள் திட்டத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வேலை போயிரும், தெரியும்ல?" என்றார். "உங்களுதா, என்னுதா?" என்றேன். "உன்னுதுதான். எனக்கு யூனியன் இருக்கு" என்று சிரித்தார்.

வார்டன் ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் திரை இருண்டது, விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் காலால் தரையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் ஹெட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு மிஸ் ஆர்ச்சர்ட். திரைக்கு முன்னால் போய் நின்று கைத்தடியால் மேடைப் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய கை. கூச்சல் அப்படியே அமுங்கியது.

"எர்னஸ்ட் டக்கெட், சிகரெட்டை அணை" என்றார். மிஸஸ் டக்கெட்டின் புருஷன் அணைத்தார். "நான் யாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். என் பல்லை எடுக்கப் போய்த்தான் ஹோரஸ் வென்னிங் செத்தான்."

பிறகு வாய்க்குள் விரலை விட்டு இரண்டு வரிசைப் பல்லையும் வெளியே எடுத்தார். கன்னம் உள்ளே விழுந்தது. அந்த முகத்தை யாருக்கும் காட்டக்கூடாது என்றுதான் அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். இப்போது பல்லை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். "இது. அவன் கையில இருந்தது இது." பல் இல்லாததால் வார்த்தைகள் குழைந்து வந்தன. பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரும் சேர்ந்துகொள்ளாததால் பாதியில் நின்றுபோனது.

ஹெட்டி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் வெளியே நடந்தபோது ஆண்கள் எழுந்து வழி விட்டார்கள்.

அன்றே எனக்கு வேலை போனது. திங்கட்கிழமை நான் சர்ச் கூடத்தைத் தாண்டும்போது மிஸஸ் டக்கெட் ஒரு வாளி சலவைச் சோடாத் தண்ணீரோடு அந்தப் பெயர்ப்பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன பார்க்கிற? அழுக்கா இருந்துச்சு, தேய்க்கறேன்" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை, வரவும் வராது. கரி வண்டிக்காரன் விசிலடிப்பதை நிறுத்தினான்.

ஆனால் கேளுங்கள். சாயங்காலப் பத்திரிகை ஒன்றில் ஒரு மூலையில் இரண்டு வரி வந்தது, ஆக்டன் கொட்டகையில் ஒரு மூதாட்டி சிரித்த சிரிப்பில் பல் கழன்று விழுந்துவிட்டதாம். பால்பண்ணைக்காரர்கள் அதை விடுவார்களா? அடுத்த வாரமே சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள்: 'பல் பத்திரம்! சிரித்தால் கழன்றுவிடும்!' லியோனல் அதைப் பார்த்திருப்பார். அவருக்கு உண்மை தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஹெட்டி அந்தச் சுவரொட்டியை ரயில் நிலையச் சுவரில் பார்த்தாள். நகத்தால் ஒரு ஓரத்தைப் பெயர்த்து, மெதுவாக, கிழியாமல் முழுசாக உரித்தெடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய் அதை வைத்து அடுப்பு பற்றவைத்தாள். மாடி வாடகைக்கு என்று ஜன்னலில் அட்டை வைக்கும்போது, 'எழுத்தாளர்கள் வேண்டாம்' என்று கீழே சேர்த்து எழுதினாள். அதற்குப் பிறகு பஸ் கண்டக்டர்களும் நர்ஸுகளும்தான் இருந்தார்கள்.

சலவைக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. எல்லோர் வீட்டிலும் மெஷின் வந்தது. ஹெட்டி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். படம் சாகவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் டெலிவிஷனில் வந்தது. படித்தவர்கள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள்: சாதாரண மனிதர்கள்மீது இந்தப் படத்துக்கு இருக்கும் பரிவு என்று. பரிவாம். தொட்டிக் காட்சி ஒரு ராத்திரி விஸ்கி குடிக்கும்போது தங்களுக்கு உதித்தது என்று கிம்பர் ஒரு பேட்டியில் சொன்னார்.

எழுபத்தைந்தில், லியோனல் இறந்த மறுவருஷம், திரைப்படச் சங்கம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் ஹெட்டி வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கே டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். 'வியாபாரம் மந்தம்' எழுதப்பட்ட வீடு என்பதால் வாசல் சுவரில் வட்டமாக ஒரு நினைவுக்கல் பதிக்க அனுமதி வேண்டுமாம். "எழுத்தாளர் லியோனல் ஆஷ்வெல் இங்கே வாழ்ந்தார்" என்று எழுதப்போகிறார்கள்.

"வாழலை. வாடகைக்கு இருந்தாரு" என்றாள் ஹெட்டி. "இங்க வாழ்ந்தவர் என் வீட்டுக்காரர். அவர் பேரையும் போடுங்க, அனுமதி தர்றேன்."

"ஒரு கல்லுக்கு ஒரு பேருதாங்க, அது சங்கத்தோட விதி."

"அப்ப ரெண்டு கல்லு கொண்டாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள். நல்ல கதை கிடைத்தது என்கிற புன்னகை. எனக்குத் தெரிந்த புன்னகைதான் அது. ஹெட்டி அவர்கள் குடித்து முடிக்காத கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "கதவு அந்தப் பக்கம்" என்றாள்.

அவள் எண்பத்திரண்டு வயதில், பிப்ரவரியில், தூக்கத்தில் போனாள். வீட்டை வாங்கியவர்கள் நல்லவர்கள், கல் வைத்தால் வீட்டு மதிப்பு கூடும் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். கல் பதித்த அன்று நான் போனேன். கோட்டு சூட்டு போட்டவர்கள் கையில் ஷெர்ரி ஒயினோடு நின்றார்கள். சங்கத் தலைவரிடம் நேராகப் போய், "ஹோரஸ் வென்னிங் பேரு ஏன் இல்ல?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஓ, அந்தக் குழாய் திருடற வார்டனா? அருமையான பாத்திரம்! ஆனா, அம்மா, கற்பனைப் பாத்திரத்துக்கெல்லாம் நாங்க கல்லு வைக்கறதில்லையே."

ஆக்டன் கல்லறையில் மேற்குச் சுவர் ஓரமாகக் கற்பனைப் பாத்திரமும் அவர் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து ஷெர்ரி குடியுங்கள் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர்கூடப் போகவில்லை.